ஐந்து மாதம் சீன மூலிகை, பிறகு அடைபட்ட சிறுநீர்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவில் மருந்தாளராக இருக்கிறேன். கீழே உள்ளது நாங்கள் பார்த்த ஒரு நோயாளியின் கதை. யாரென்று தெரியாமல் இருக்கச் சில சொந்த விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை. புராஸ்டேட் வீக்கத்துக்குச் சீன மூலிகை எடுக்கலாமா கூடாதா என்று ஒரு வரியில் பதில் எதிர்பார்த்தால் அது இங்கே கிடைக்காது. ஆனால் எடுப்பவர்களைக் கவனிக்கும்போது எதை அளக்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்பதை இந்த ஒருவரிடமிருந்து நிறையவே கற்றுக்கொள்ளலாம்.

பின்னணி

நோயாளி 72 வயதுச் சீனர், ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர். மனைவி இறந்தபின் மகன், மருமகளோடு வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, வேறு பெரிய நோய் இல்லை. இரண்டு வருடமாகவே சிறுநீர் மெலிந்து வருவது, போய் முடித்த பிறகும் சொட்டுவது, இரவில் நாலைந்து முறை எழுந்திருப்பது எல்லாம் இருந்திருக்கிறது. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்.

வயதாக ஆகப் புராஸ்டேட் சுரப்பி பெருப்பது மிகச் சாதாரணமான விஷயம்தான். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அது உட்கார்ந்திருப்பதால், உள்பக்கமாகப் பெருக்கும்போது குழாய் நெரிபடுகிறது. இது புற்றுநோய் அல்ல. ஆனால் அடைப்பைத் தாண்டித் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் தசை முதலில் தடிக்கிறது, அப்புறம் களைத்துப்போகிறது.

மருமகள் வற்புறுத்திப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போனார். அங்கே பரிசோதித்து டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் கொடுத்தார்கள். சிறுநீர்ப்பையின் கழுத்திலும் புராஸ்டேட்டிலும் உள்ள தசையைத் தளர்த்தும் மருந்து இது, சில நாட்களிலேயே வேலை செய்யத் தொடங்கும். சாப்பாட்டுக்குப் பின் எடுக்க வேண்டும், படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்திருக்கக் கூடாது. இந்த இரண்டும் அவருக்குச் சொல்லப்பட்டதா, சொல்லியும் மனதில் நிற்கவில்லையா என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது. ஒரு வாரத்துக்குள் நள்ளிரவில் கழிப்பறையில் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மறுநாளே மருந்தை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, அடுத்த சந்திப்புக்கும் போகவில்லை.

சீன மருத்துவரிடம்

நண்பர் ஒருவர் சொல்லித் தன் பேட்டையிலேயே இருந்த சீன மருத்துவரிடம் போனார். முறையாகப் பதிவு பெற்றவர். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்கள் மேற்கத்திய மருந்து எழுதிக் கொடுக்க முடியாது. மருத்துவர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கைகால் குளிர்கிறதா, முதுகு வலிக்கிறதா, தூக்கம் எப்படி என்று பொறுமையாகக் கேட்டார். “என்னை உட்காரவைத்துப் பேசினார்” என்று அங்கிள் (நோயாளியை நாங்கள் அப்படித்தான் அழைத்தோம்) எங்களிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அங்கேயே தொடர்ந்து போனதற்குப் பெரிய காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சீன மருத்துவத்தின் கணக்குப்படி வயதானவர்களின் இந்தத் தொல்லைக்கு அடிப்படை சிறுநீரகத்தின் வெப்ப சக்தி குறைவது, அதோடு கீழ்வயிற்றில் ரத்தம் தேங்குவது. அதற்கேற்ப இரண்டு மருந்துகள். ஒன்று ‘ஜி ஷெங் ஷென் சி வான்’ என்ற உருண்டை மருந்து. ஹான் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் பெயரில் வழங்கும் எட்டுச் சரக்கு மருந்தோடு, சோங் காலத்தில் இன்னும் இரண்டைச் சேர்த்து உருவானது. ஜப்பானில் இதே கூட்டை ‘கோஷா ஜின்கி கன்’ என்று இன்றும் கொடுக்கிறார்கள். இதில் பட்டை இருக்கிறது, சீன வள்ளிவகைக் கிழங்கு ஒன்று இருக்கிறது, நம் வீடுகளில் இருக்கும் இசப்கோலுக்குச் சொந்தக்காரச் செடியின் விதை இருக்கிறது. பதப்படுத்திய ‘ஃபூ ஸி’யும் இருக்கிறது. ஃபூ ஸி என்பது நம் சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து சேர்க்கும் நாபியின் இனம். சரியாகப் பதப்படுத்தாவிட்டால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

இரண்டாவது, வாரம் ஒரு கட்டாக வாங்கி வீட்டில் காய்ச்சிக் குடிக்கும் கஷாயம். அதில் ஹுவாங் சி, டான் ஷென், தாவ் ரென், வாங் பு லியு சிங், மூ தோங் என்று பல சரக்குகள். கூடவே ஓர் அறிவுரை: மாலை ஆறு மணிக்கு மேல் காப்பி, தேநீர் வேண்டாம், தண்ணீரையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பலன் தெரிந்தது. இரவில் ஐந்து முறை எழுந்தவர் இரண்டு மூன்று முறைதான் எழுந்தார். கால் கதகதப்பாக இருக்கிறது என்றார். ஐந்து மாதம் தவறாமல் எடுத்தார். இந்தக் காலம் முழுவதும் அவருடைய சிறுநீர்ப்பையில் எவ்வளவு சிறுநீர் மிஞ்சுகிறது என்று யாரும் அளக்கவில்லை. பலதுறை மருந்தகத்துக்கு அவர் மருந்தை நிறுத்தியதே தெரியாது. சீன மருத்துவருக்கு ஸ்கேன் வசதி கிடையாது.

மருமகள் மட்டும் ஒன்றைக் கவனித்திருக்கிறார். கடைசி ஒரு மாதமாக மாமா காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து தன் படுக்கை விரிப்பைத் தானே துவைத்துக் காயப்போடுகிறார். கேட்டதற்கு வியர்வை என்றாராம். கேட்க வேண்டியவர்கள் யாராவது அப்போதே மருமகளிடம் கேட்டிருந்தால் கதை அங்கேயே திரும்பியிருக்கும். இதற்கு முன் அந்தத் தொல்லை இல்லாத ஒரு முதியவருக்குத் தூக்கத்தில் சிறுநீர் கசிகிறது என்றால், பை நிரம்பி வழிகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சளி பிடித்த வாரம்

அந்த வாரம் வீட்டில் எல்லோருக்கும் சளி. சீனாவிலிருந்து உறவினர் கொண்டுவந்திருந்த சளிப் பொடியை வெந்நீரில் கலந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை குடித்தார். போதவில்லை என்று மகனின் அலமாரியிலிருந்த சளி மாத்திரையையும் சேர்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் மாலைக்கு மேல் ஒரு சொட்டும் போகவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்.

வந்தபோது கண்டது

அடிவயிறு தொப்புள் வரை உப்பி, தொட்டால் கல்லாக இருந்தது. சிறுநீரை வடிக்கும் குழாயான கத்தீட்டர் போட்டதும் 1,400 மில்லிலிட்டர் வெளியேறியது. நல்ல நிலையில் உள்ள ஒருவருக்கு 400, 500 நிறைந்தாலே அவசரம் பொறுக்காது. இவ்வளவு தாங்கியிருக்கிறது என்றால் பை மாதக்கணக்கில் விரிந்து விரிந்து உணர்வு மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 286. ஒரு வருடம் முன்பு 98 இருந்தது. பொட்டாசியம் 5.9. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் அடைப்பால் வீங்கியிருந்தன, புராஸ்டேட் 74 மில்லிலிட்டர். இளவயதில் 20, 25 இருக்கும் சுரப்பி இது. பொட்டாசியம் உயர்ந்திருந்தது, ஃபூ ஸி வேறு எடுத்திருக்கிறார் என்பதால் உடனே ஈசிஜி எடுத்தார்கள். துடிப்பு ஒழுங்காக இருந்தது.

புராஸ்டேட் ரத்தப் பரிசோதனையான பிஎஸ்ஏவை அன்று எடுக்கவில்லை. சிறுநீர் அடைத்துக் கத்தீட்டர் போட்ட நேரத்தில் அந்த எண் தானாகவே உயர்ந்து வீண் பயத்தைக் கொடுக்கும்.

முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே கேஸ் ஷீட்டில் ‘மூலிகையால் சிறுநீரகப் பாதிப்பு’ என்று எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் மேல் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பயத்துக்கு நியாயமான வரலாறு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் சிகிச்சைக்குப் போன பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயரில் ஒத்திருந்த இன்னொன்று, அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தது, மாறிப்போய்ச் சேர்ந்திருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். இதே குழப்பம் மூ தோங் என்ற பெயரிலும் உண்டு. ‘குவான் மூ தோங்’ அந்த நச்சு இனம், சீனாவே 2003-இல் அதைத் தடுத்துவிட்டது. ‘சுவான் மூ தோங்’ க்ளெமாட்டிஸ் என்ற வேறு கொடி, அந்த அமிலம் அதில் இல்லை. அங்கிளின் சீட்டில் வெறும் மூ தோங் என்றுதான் இருந்தது.

ஆனாலும் அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை, காரணத்தோடு சொன்னேன். அரிஸ்டோலோக்கிக் அமிலம் தாக்கிய சிறுநீரகம் சுருங்கி இருக்கும், இவருடையது வீங்கி இருக்கிறது. அந்தப் பாதிப்பு மீளாது, அடைப்பால் வந்தது மீளும். கத்தீட்டர் போட்டபின் கிரியேட்டினின் எப்படி இறங்குகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இரண்டாம் நாள் 201, ஐந்தாம் நாள் 142. அடைப்புதான்.

அப்புறம் மருந்துப் பையை வரவழைத்தோம். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், பொடி, உருண்டை, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை உட்பட ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று மருமகளிடம் சொன்னோம். பெயர் தெரியாத கேப்ஸ்யூல் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் என் முதல் கவலை. புராஸ்டேட்டுக்கு நல்லது என்று விற்கப்படும் மூலிகைக் கலவைகளுக்குள் மேற்கத்திய மருந்து ஒளிந்திருப்பது கற்பனை இல்லை. பிசி-ஸ்பெஸ் என்று அமெரிக்காவில் விற்ற, பெரும்பாலும் சீன மூலிகைகளாலான கலவையில் பெண் ஹார்மோன் மருந்தும் ரத்தத்தை நீர்க்கச் செய்யும் வார்ஃபரினும் இருந்தது தெரிந்து 2002-இல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். இவர் பையில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் சளிப் பொடியின் உறையைச் சீனம் படிக்கத் தெரிந்த சக மருந்தாளர் வாசித்ததும் விஷயம் துலங்கியது: மா ஹுவாங்.

மா ஹுவாங்கில் இருப்பது எபிட்ரின். டாம்சுலோசின் எந்தத் தசையைத் தளர்த்துமோ அதே தசையை இது இறுக்கும். மகனின் சளி மாத்திரையில் சூடோஎபிட்ரின் இருந்தது, அதுவும் அதே வேலையைச் செய்யும். கூடவே குளோர்பெனிரமின், அது சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவைக் குறைக்கும். ஏற்கெனவே பாதி அடைபட்ட வழியில் கதவை இறுக்குவது ஒரு பக்கம், தள்ளுகிறவனைத் தூங்கவைப்பது மறுபக்கம். சீன மருந்து, மேற்கத்திய மருந்து என்ற பிரிவினை இந்த இடத்தில் அர்த்தமில்லாமல் போகிறது. புராஸ்டேட்டுக்கு என்று எடுத்த மூலிகை அல்ல, சளிக்கு எடுத்த இரண்டும் சேர்ந்துதான் அந்த இரவை உண்டாக்கின என்பது எங்கள் முடிவு.

அங்கிளின் அனுமதியோடு சீன மருத்துவருக்குப் போன் செய்தோம். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. முழு மருந்துச் சீட்டையும், எந்த மொத்த வியாபாரியிடம் வாங்கிய சரக்கு என்பதையும் அன்றைக்கே அனுப்பினார். சுவான் மூ தோங்தான். சளிப் பொடி பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. “சொல்லியிருந்தால் மா ஹுவாங் வேண்டாம் என்று நானே தடுத்திருப்பேன்” என்றார். அது வெறும் பேச்சு இல்லை. இந்த வயதினருக்கு அதைத் தவிர்க்க வேண்டும் என்பது அவர்கள் பயிற்சியிலும் இருக்கிறது.

சிகிச்சையில் எடுத்த முடிவுகளில் முக்கியமானது, கத்தீட்டரை உடனே எடுத்துப் பார்க்க வேண்டாம் என்பது. சாதாரணமாகத் திடீரென்று அடைத்தால் டாம்சுலோசின் கொடுத்து இரண்டு மூன்று நாளில் எடுத்துப் பார்ப்பார்கள். இவருக்கு அடைப்பின் அழுத்தம் சிறுநீரகம் வரை ஏறியிருந்தது, மறுபடி அடைத்தால் தேறிய சிறுநீரகம் மறுபடி கெடும். ஆகவே கத்தீட்டரோடு வீட்டுக்கு அனுப்பி, சிறுநீரகம் தேறியபின் அறுவை சிகிச்சை என்று முடிவானது. எல்லா மூலிகையையும் அதுவரை நிறுத்தச் சொன்னோம். நஞ்சு என்பதற்காக அல்ல, தேறிக்கொண்டிருக்கும் சிறுநீரகம் எதற்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று குழப்பமில்லாமல் தெரிய வேண்டும் என்பதற்காக. இதை இந்த வார்த்தைகளிலேயே அங்கிளிடம் சொன்னோம், மருமகள் அவர்களுடைய சீனப் பேச்சுமொழியான ஹொக்கியனில் மறுபடி சொன்னார். தலையாட்டினார்.

தொடர்ந்து நடந்தது

முதல் நாள் 5.5 லிட்டர் சிறுநீர் போனது. நீண்ட அடைப்பு திறந்தபின் சிறுநீரகம் இப்படிக் கொட்டித் தீர்ப்பது உண்டு. மணிக்கு எவ்வளவு என்று அளந்து, எடை பார்த்து, நிற்கவைத்தும் படுக்கவைத்தும் ரத்த அழுத்தம் எடுத்து, போனதில் ஒரு பங்கை மட்டும் ரத்தநாளம் வழியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். போனதெல்லாவற்றையும் அப்படியே ஊற்றினால் அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் அடங்கியது.

ஏழாம் வாரம் கிரியேட்டினின் 116-க்கு வந்திருந்தது. சிறுநீர்க் குழாய் வழியாகப் புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் நான் இன்னொரு முறை மருந்துப் பையைப் பார்க்கக் கேட்டேன், நல்லவேளை. இடுப்பு வலிக்கு என்று பழைய கஷாயக் கட்டிலிருந்து ஒன்றிரண்டைக் காய்ச்சிக் குடித்திருந்தார். டான் ஷென், தாவ் ரென் இரண்டும் தேங்கிய ரத்தத்தை ஓட வைப்பதற்கென்றே சேர்ப்பவை. டான் ஷென் வார்ஃபரினோடு சேர்ந்து ரத்தப்போக்கை உண்டாக்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ரத்தம் கசிவதே பெரிய பிரச்சினையாக இருக்கும் ஓர் அறுவை சிகிச்சைக்கு முன்னால் இது வேண்டவே வேண்டாம். திட்டவில்லை, அதட்டவில்லை. எதற்காக நிறுத்துகிறோம் என்று சொன்னதும் மீதிக் கட்டுகளை மருமகளிடம் கொடுத்துவிட்டார்.

எடுத்த திசுவில் புற்றுநோய் இல்லை. இரண்டாம் நாள் கத்தீட்டர் எடுத்ததும் தானாகப் போனார். சிறுநீர்ப்பையில் மிச்சம் 150 மில்லிலிட்டர். தொந்தரவுகளை அளக்கும் கேள்வித்தாளில் (0 முதல் 35 வரை, 20-உம் அதற்கு மேலும் கடுமை) அடைப்பு வந்த சமயத்து நிலையைக் கேட்டபோது 24 வந்தது. மூன்று மாதம் கழித்து 8. படுக்கை நனைவது நின்றுவிட்டது.

அப்போது அவர் கேட்டார், மறுபடி சீன மருத்துவரிடம் போகலாமா என்று. போகலாம் என்றோம். தடுத்தால் போகாமல் இருக்கமாட்டார், சொல்லாமல் போவார். சீன மருத்துவர் சிறுநீரகத்தின் எண்களைப் பார்த்துவிட்டு ஃபூ ஸியையும் மூ தோங்கையும் தாமாகவே விலக்கினார், களைப்புக்கு மட்டும் நான்கு சரக்கில் எளிய கஷாயம் கொடுத்தார். அதைத் தொடங்கி ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் கிரியேட்டினின் பார்த்தோம்: 114, 112.

மூலிகை வேலை செய்ததா

ஐந்து முறை இரண்டு மூன்றாகக் குறைந்தது உண்மை, அங்கிள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மூலிகைதான் காரணம் என்று சொல்ல முடியாது. மாலைக்கு மேல் காப்பியும் தேநீரும் நிறுத்தினாலே இரவு எழுவது குறையும். இந்த நோய் இயல்பாகவே ஏறி இறங்கும். மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் இதில் நல்ல பலன் தெரியும். மேற்கே புராஸ்டேட்டுக்குப் பிரபலமான சா பால்மெட்டோ என்ற பனைவகைக் கனிச் சாற்றை வழக்கமான அளவைப் போல் மூன்று மடங்கு வரை கூட்டி 72 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. சாறு எடுத்தவர்களுக்கும் குறைந்தது, வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் அதே அளவு குறைந்தது. சீனக் கூட்டு மருந்துகளுக்கு ஆய்வுகள் நிறையவே இருக்கின்றன, ஆனால் பெரும்பாலானவை சிறியவை, குறுகிய காலத்தவை, நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து எது வெறும் மாத்திரை என்று தெரியாதபடி மறைத்துச் செய்யப்படாதவை. அவற்றை வைத்து ஆம் என்றும் இல்லை என்றும் உறுதி சொல்ல நான் தயாரில்லை.

இன்னொரு சாத்தியமும் என்னைத் தொந்தரவு செய்கிறது. விரிந்து விரிந்து மழுங்கிய பை அவசரத்தையே உணராமல் போகும். அப்படியானால் இரவில் எழுவது குறைந்ததில் ஒரு பகுதி, குணமானதன் அடையாளம் அல்ல, கெட்டுக்கொண்டிருந்ததன் அடையாளம். படுக்கை நனையத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். டாம்சுலோசினை மட்டும் எடுத்துக்கொண்டு இருந்திருந்தாலும், அளக்காமல் விட்டிருந்தால் இதே நிலை வந்திருக்கலாம்.

எங்கள் பிரிவில் மாறியவை

புராஸ்டேட் தொந்தரவுக்கு யார் என்ன மருந்து எடுத்தாலும், தொடக்கத்திலும் மூன்று மாதத்திலும் சிறுநீர் போனபின் மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேன் பார்க்கிறோம். வயிற்றின் மேல் கருவியை வைத்தால் போதும், வலி இல்லை, சில நிமிட வேலை. கிரியேட்டினினும் கூடவே. படுக்கை நனைகிறதா என்ற கேள்வியை நோயாளியிடம் தனியாகவும், அவர் சம்மதித்தால் துணி துவைக்கும் வீட்டு ஆளிடமும் கேட்கிறோம். இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வருகிறது.

“வேறு மருந்து எடுக்கிறீர்களா” என்று மொத்தமாகக் கேட்பதை விட்டுவிட்டோம். சீன மருந்து எடுக்கிறீர்களா, ஜாமு (மலாய் மூலிகைப் பானம்) குடிக்கிறீர்களா, ஊரிலிருந்து சூரணமோ லேகியமோ வந்ததா, போன மாதம் சளி பிடித்ததா, அப்போது என்ன எடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். தமிழ் முதியவர்களிடமும் இதே கதைதான்: சளி மாத்திரையை மருந்து என்றே கணக்கில் சேர்ப்பதில்லை.

சூடோஎபிட்ரின், மா ஹுவாங், குளோர்பெனிரமின், அதே வகையான டைஃபென்ஹைட்ரமின் நான்கின் பெயரையும் நான்கு மொழியில் அச்சடித்து, பணப்பைக்குள் வைக்கும் அளவில் ஓர் அட்டை தயாரித்தோம். மருந்துக் கடையிலோ சீன மருந்தகத்திலோ நீட்டினால் போதும், பேச வேண்டியதில்லை. அட்டையின் சீன வாசகத்தைத் திருத்திக் கொடுத்தவர் அந்தச் சீன மருத்துவரே. தன்னிடம் வரும் வயதான ஆண்களை முதலில் மிச்சம் அளந்துகொண்டு வரச் சொல்லி அனுப்புகிறார் இப்போது, எங்களுக்கும் சீட்டின் நகல் வருகிறது.

அங்கிளுக்கு அந்த எளிய கஷாயம் தொடங்கிய பிறகான ஆறாம் மாதப் பரிசோதனை இனிமேல்தான். கடைசியாகப் பார்த்தபோது மிச்சம் 120 மில்லிலிட்டர், அதாவது பையின் வலு முழுதாகத் திரும்பவில்லை. அது 300-ஐத் தாண்டினால் சிறு குழாயைத் தானே விட்டுச் சிறுநீரை எடுக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதாகத் திட்டம். அதற்கான செவிலியரை அவரும் மருமகளும் ஏற்கெனவே பார்த்துப் பேசிவிட்டார்கள்.